கால் குடைச்சலுக்கு மாத்திரை: 20 ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த மருந்தைக் கைவிடச் சொல்வது ஏன்?

இரவு 10 மணி. படுக்கையில் சாய்ந்த சில நிமிடங்களிலேயே கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல, வார்த்தையில் சொல்லத் தெரியாத ஒரு தவிப்பு. எழுந்து நாலு அடி நடந்தால் போய்விடும். மறுபடி படுத்தால் மறுபடியும் வந்துவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒருவர் மட்டும் ஹாலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பார்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பல வீடுகளில் இதைத் தள்ளிவிடுகிறார்கள். சிலர் தைலம் தேய்ப்பார்கள். சிலர் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். பேரக்குழந்தைகளைக் கூப்பிட்டு காலை அமுக்கிவிடச் சொல்லும் பாட்டிகளில் சிலருக்கு இருப்பது வெறும் அசதி அல்ல; இந்த நோயாகவும் இருக்கலாம்.

இதன் பெயர் 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்'. தமிழில் 'அமைதியற்ற கால் நோய்க்குறி' என்கிறார்கள். இதற்கு உலகம் முழுக்க சுமார் 20 ஆண்டுகளாக முதல் தேர்வாக எழுதப்பட்டு வந்த மாத்திரைகளை, இனி வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. காரணம் என்னவென்றால், நோயைத் தணிக்கக் கொடுத்த மருந்தே போகப்போக நோயை மோசமாக்குகிறது.

அப்படியானால் ஏற்கெனவே அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வருபவர்கள் என்ன செய்வது? உடனே நிறுத்திவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமான பகுதி. அதற்கு முன் நோயைப் பார்க்கலாம்.

இது என்ன நோய்?

1672-லேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-ல் ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் இதைத் தனி நோயாக விரிவாக விவரித்து, இன்று வழங்கும் பெயரையும் கொடுத்தார். அதனால் 'வில்லிஸ் எக்போம் நோய்' என்ற பெயரும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது. நோயாளி சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது அது வர வேண்டும், அசைத்தால் அல்லது நடந்தால் குறைய வேண்டும், மாலையிலும் இரவிலும் அதிகமாக வேண்டும். இதற்கு வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் குழப்பமே. சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சல், கெண்டைக்கால் திடீரென்று பிடித்து இழுப்பது, வெரிகோஸ் வெயின் வலி என எல்லாமே இரவில் காலைப் படுத்தக்கூடியவை. ஆனால் சர்க்கரை நோயின் பாத எரிச்சல் பொதுவாக நடந்தால் மறைந்துவிடாது. கெண்டைக்கால் பிடிப்பு என்றால் தசை கல் மாதிரி இறுகியிருக்கும். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்காகப் பெரியவர்களிடம் திட்டு வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஐரோப்பா, வட அமெரிக்க நாடுகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தத் தொல்லை இருக்கிறது. மருந்து தேவைப்படும் அளவுக்கு இருப்பவர்கள் 2 முதல் 3 சதவீதம். ஆசிய நாடுகளில் எண்ணிக்கை குறைவு. பெங்களூரு நகர மக்களிடம் நடத்தி 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் 2.1 சதவீதம் பேருக்கு இருந்தது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் வந்து, குழந்தை பிறந்ததும் போய்விடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இது மிகவும் அதிகம். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டிய டயாலிசிஸ் நாற்காலியில் இந்தத் தவிப்பு எப்படி இருக்கும் என்பது அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

டோபமின் மாத்திரைகள் வந்த கதை

மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமின். பார்கின்சன் நோயில் அது குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட லெவோடோபா என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. அதே மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தபோது கால் குடைச்சல்காரர்களும் முதல் இரவே நிம்மதியாகத் தூங்கினார்கள். அடுத்ததாக வந்தவை டோபமின் போலவே நடித்து மூளையின் ஏற்பிகளைத் தூண்டும் மாத்திரைகள். ரோபினிரோல், பிராமிபெக்சோல் இரண்டும் அவற்றில் முக்கியமானவை.

அமெரிக்காவில் கால் குடைச்சலுக்கென்றே 2005-ல் ரோபினிரோலுக்கும், 2006-ல் பிராமிபெக்சோலுக்கும் அனுமதி கிடைத்தது. தொலைக்காட்சி விளம்பரங்கள் வந்தன. இதே தூக்க மருத்துவ அகாடமி 2012-ல் வெளியிட்ட முந்தைய வழிகாட்டுதலில் இந்த இரண்டும்தான் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை. இந்தியாவிலும் இரண்டும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு வழக்கமான பயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் பெயரை செல்போனில் தேடினால் 'பார்கின்சன் நோய்க்கான மருந்து' என்று வரும். உடனே, "எனக்குக் கைகால் நடுக்க நோய் வந்துடுச்சா?" என்று பதறுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்தின் அளவிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பார்கின்சனுக்கு பிராமிபெக்சோல் நாளொன்றுக்கு 4.5 மில்லிகிராம் வரை போகும். கால் குடைச்சலுக்கு அமெரிக்க அனுமதியின் உச்ச வரம்பு 0.5 மில்லிகிராம். ரோபினிரோலில் அந்த வரம்புகள் 24 மில்லிகிராமும் 4 மில்லிகிராமும். இந்த உச்ச வரம்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டும்போது பிரச்சினைக்கான ஆபத்து கூடுகிறது.

மருந்தே நோயைப் பெருக்குவது எப்படி?

ஒரு கற்பனை உதாரணம். 55 வயதுப் பெண் ஒருவர். இரவு 10 மணிக்குத்தான் அவருக்குத் தொல்லை. மாத்திரை ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 8 மணிக்கே சீரியல் பார்க்கும்போது கால் குடைகிறது. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். சில மாதங்கள் நன்றாகப் போகின்றன. பிறகு மாலை 5 மணிக்கு வருகிறது. அளவு மறுபடி கூடுகிறது. இப்போது மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தாலே வருகிறது, காலோடு நிற்காமல் கைக்கும் பரவுகிறது. முன்பு அரை மணி நேரம் உட்கார முடிந்தவரால் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. பஸ் பயணம், சினிமா, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பது எல்லாமே தண்டனை ஆகிவிடுகிறது.

நோய் முற்றிவிட்டது என்று அவரும் நினைக்கிறார், குடும்பமும் நினைக்கிறது, சில நேரம் மருத்துவரும் நினைக்கிறார். உண்மையில் இதைச் செய்தது மாத்திரை. மருத்துவத்தில் இதற்கு 'ஆக்மென்டேஷன்' என்று பெயர்; மருந்தால் நோய் பெருகுவது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1996-லேயே ரிச்சர்ட் ஆலன், கிறிஸ்டோஃபர் எர்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள், லெவோடோபா சாப்பிட்ட கால் குடைச்சல் நோயாளிகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இப்படி ஆனதைப் பதிவு செய்தார்கள். பின்னால் வந்த மாத்திரைகளில் இந்த வேகம் குறைவு. ஆண்டுக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 சதவீதம் பேருக்கு வருகிறது. கேட்கும்போது சின்ன எண்ணிக்கை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இது ஒரு வருடம் சாப்பிட்டு நிறுத்தும் மருந்தல்ல. பத்து ஆண்டுகள் தொடர்ந்தால், வருடாவருடம் சேர்ந்துகொண்டே போய் பாதிப் பேரைத் தொட்டுவிடும்.

மருந்து கம்பெனிகள் அனுமதி வாங்க நடத்திய பரிசோதனைகள் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே நடந்தவை. மெதுவாக, வருடக்கணக்கில் வரும் கெடுதல் அந்தக் குறுகிய காலத்தில் கண்ணில் படவில்லை. கால் குடைச்சலில் நடந்த பெரிய பிழை இதுதான் என்று சொல்லலாம்.

அளவைக் கூட்டினால் தற்காலிகமாகக் குறைகிறது என்பதுதான் இதிலுள்ள பொறி. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்பது அந்த நிமிடத்தில் தெரியாது. ஏனென்றால் அன்று இரவு உண்மையிலேயே தூக்கம் வரும்.

சூதாட்டம், ஷாப்பிங், வெளியில் சொல்ல முடியாத மாற்றங்கள்

இந்த மாத்திரைகளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. டோபமின் அசைவுக்கு மட்டுமல்ல, ஆசைக்கும் பொறுப்பு. அதைத் தூண்டும் மருந்து சிலரிடம் மனக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகிறது. வாழ்நாளில் சீட்டுக்கட்டு தொடாதவர் ஆன்லைன் சூதாட்டத்தில் இறங்குவார். தேவையில்லாத பொருளை வாங்கிக் குவிப்பார். நடுராத்திரியில் எழுந்து அளவில்லாமல் சாப்பிடுவார். பாலியல் உந்துதல் கட்டுக்கடங்காமல் போவதும் உண்டு.

2025 மார்ச்சில் பிபிசி வெளியிட்ட ஒரு புலனாய்வுச் செய்தியில், கால் குடைச்சல் போன்ற அசைவுக் கோளாறுகளுக்கு இந்த மருந்துகளைச் சாப்பிட்ட 20 பெண்கள், தங்கள் வாழ்க்கை எப்படித் தடம் மாறியது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் முக்கியமான புகார், இப்படி ஆகலாம் என்று யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்பது.

மருந்துடன் வரும் தாளில் இந்த எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஸ்ட்ரிப்பை வெட்டி நாலு மாத்திரை, பத்து மாத்திரை என்று வாங்குபவர் கைக்கு அந்தத் தாள் வருவதே இல்லை. வந்தாலும் அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? இதைவிடப் பெரிய சிக்கல், பாதிக்கப்பட்டவரே இதை மருந்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. கால் வலிக்கு எழுதிய மாத்திரைக்கும் கிரெடிட் கார்டு கடனுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவமானத்தில் மறைத்துவிடுவார்கள். இந்த இடத்தில் குடும்பத்தார் கண்ணில் படுவதுதான் மருத்துவருக்கு உதவும். மருந்தைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்களிடம் இந்த உந்துதல் அடங்கிவிடுகிறது.

புதிய வழிகாட்டுதல் என்ன சொல்கிறது?

2025 வழிகாட்டுதல் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. காபாபென்டின், காபாபென்டின் எனகார்பில், பிரிகாபலின் ஆகிய மூன்றும் பெரியவர்களுக்கு உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இவை வலிப்பு, நரம்பு வலி ஆகியவற்றுக்கான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றுவதற்கும், அதற்குத் தகுதியானவர்களிடம், அதே உறுதியான பரிந்துரை.

லெவோடோபா, பிராமிபெக்சோல், ரோபினிரோல், ரோடிகோடின் பேட்ச் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுப்பதற்கு எதிராக நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை. கேபர்கோலினுக்கு நேரடியாகவே 'வேண்டாம்'. இந்தியாவில் தூக்கம் வரவில்லை என்றாலே எழுதப்படும் குளோனாசெபாமும் இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படாத பட்டியலில்தான் இருக்கிறது.

காபாபென்டின் குடும்பத்துக்கு ஆதரவாகப் பேசும் முக்கியமான ஆதாரம் 2014-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான பரிசோதனை. 719 பேர், 52 வாரங்கள். பிரிகாபலின் சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு மட்டுமே நோய் பெருகியது. பிராமிபெக்சோல் 0.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் அது 7.7 சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கால் குடைச்சலுக்கென்று அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற ரோபினிரோலும் பிராமிபெக்சோலும் வேண்டாம் என்கிறார்கள். முதல் வரிசையில் வைக்கச் சொல்லும் பிரிகாபலினுக்கும் சாதாரண காபாபென்டினுக்கும் அங்கே இந்த நோய்க்கான அனுமதியே கிடையாது. மருத்துவர் தன் முடிவில் எழுதிக்கொடுப்பதுதான். அந்தக் குடும்பத்தில் 2011-ல் அனுமதி வாங்கியது காபாபென்டின் எனகார்பில் மட்டும்.

புதிய மருந்துகள் பத்திரமானவையா?

முழுக்க இல்லை. தலைச்சுற்றல், பகலிலும் தூக்கம், உடல் எடை கூடுவது, கால் வீங்குவது போன்றவை இவற்றில் வரக்கூடியவை. தள்ளாடி விழும் அபாயம் முதியவர்களுக்கு அதிகம். மன அழுத்தம், தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், ஓபியாய்டு வகை வலிநிவாரணி சாப்பிடுபவர்களுக்கும் மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. பிரிட்டனில் தவறான பயன்பாடு அதிகரித்ததால் 2019 ஏப்ரல் முதல் பிரிகாபலினும் காபாபென்டினும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இந்த மருந்துகள் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அளவு மிகவும் குறைவாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழிகாட்டுதல் தனியாகவே பேசுகிறது: காபாபென்டின், இரும்புச்சத்து குறைந்திருந்தால் அயர்ன் சுக்ரோஸ் ஊசி, பிறகு வைட்டமின் சி.

ஆக, எந்தக் கெடுதலும் இல்லாத மருந்து என்பதால் இவற்றை முன்னால் வைக்கவில்லை. இவற்றின் பக்கவிளைவு சீக்கிரமே தெரிந்துவிடும்; பிடிக்கவில்லை என்றால் குறைத்து நிறுத்தலாம். டோபமின் மாத்திரைகளின் கெடுதல் தெரிய வருடங்கள் ஆகும். தெரியும்போது வெளியே வருவது கடினம். அந்த வித்தியாசம்தான் காரணம்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

இந்தியப் பெண்களைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டுதலில் உள்ள மிகவும் பயனுள்ள வரி மருந்தைப் பற்றியதல்ல, இரும்பைப் பற்றியது.

மூளையில் இரும்புச்சத்து குறைவதற்கும் கால் குடைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ரத்தசோகை இல்லாமலேயே மூளையில் இரும்பு குறையலாம். அதனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு, இரண்டையும் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையை ஒருநாள் முன்பே நிறுத்திவிட்டு, காலை வேளையில் ரத்தம் கொடுப்பது நல்லது.

பல லேப் ரிப்போர்ட்டுகளில் பெண்களுக்கு ஃபெரிட்டின் 15 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே 'நார்மல்' என்று அச்சடிக்கப்பட்டிருக்கும். 20, 30 என்று வந்தால் "எல்லாம் நார்மல்தான்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். ஆனால் கால் குடைச்சல் உள்ளவருக்கு எல்லைக்கோடு வேறு. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் நிரம்பல் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, மாத்திரையாகவோ ஊசியாகவோ இரும்பு கொடுக்கலாம். 75 முதல் 100 வரை என்றால் ஊசி வழியாக மட்டுமே. குழந்தைகளுக்கு அந்தக் கோடு 50.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இந்த நிலையில் ஃபெரிட்டினே பார்க்காமல் ஒரு பெண்ணுக்கு வருடக்கணக்கில் டோபமின் மாத்திரையோ தூக்க மாத்திரையோ கொடுப்பது, டேங்கில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை மட்டும் மாற்றிப் பார்ப்பது மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உடலில் தொற்று அல்லது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்தாலும் ஆபத்து. "எதுக்கும் இருக்கட்டும்" என்று கடையில் வாங்கி விழுங்கும் விஷயம் அல்ல இது. மருத்துவர் சொல்லி இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதோடு டீ, காபி குடிக்கக் கூடாது. அவை இரும்பை உடலில் சேரவிடாது. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். ஊசி என்றாலும் மறுநாளே குணமாகாது, சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

மாற்றும் காலம்தான் கடினமானது

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். ஏற்கெனவே டோபமின் மாத்திரை சாப்பிட்டு, நோய் பெருகிவிட்டவர் எப்படி மாறுவது?

திடீரென்று நிறுத்தினால் இரண்டு விதமான அடி விழும். முதலாவது, அடங்கியிருந்த குடைச்சல் முழு வேகத்தில் திரும்பும். தொடர்ந்து பல இரவுகள் ஏறக்குறைய தூக்கமே இல்லாமல் போகலாம். இரண்டாவது, பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, அந்த மருந்துக்கான ஏக்கம் என்று விலகல் அறிகுறிகள் வரும். "இந்த மாத்திரை இல்லாமல் என்னால வாழவே முடியாது" என்று நோயாளி முடிவுக்கு வருவதும், பழைய அளவுக்கே திரும்புவதும் இந்த நாட்களில்தான்.

அதனால் நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் கையாளும் முறை இது: பழைய மருந்தைத் தொடாமல், முதலில் இரும்பைச் சரிசெய்வது. பிறகு காபாபென்டின் அல்லது பிரிகாபலினைச் சேர்த்து, பலன் தரும் அளவுக்குக் கொண்டுவருவது. அது நிலைபெற்ற பிறகு பழைய மாத்திரையைச் சிறுகச் சிறுக, இடைவெளி விட்டுக் குறைப்பது. ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் தொல்லை கூடும், பிறகு அடங்கும். கடைசிச் சின்ன அளவை நிறுத்தும்போதுதான் சோதனை அதிகம் என்பது பல நோயாளிகளின் அனுபவம்.

முன்கூட்டியே சொல்லப்பட்டவருக்கும் சொல்லப்படாதவருக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம். இரண்டு வாரம் மோசமாக இருக்கும், பிறகு மாறும் என்று தெரிந்தவர் லீவு போடுவார், வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பார், வீட்டில் சொல்லிவைப்பார். தெரியாதவர் மூன்றாம் நாள் இரவு பழைய ஸ்ட்ரிப்பைத் தேடி எடுப்பார்.

எதற்கும் அடங்காதவர்களுக்கு ஓபியாய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படுவது உண்டு. ஆக்சிகோடோனும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரைக்கு ஐரோப்பாவில் இந்த நோய்க்கே அனுமதி இருக்கிறது. 2025 வழிகாட்டுதலும் நிபந்தனையுடன் ஒத்துக்கொள்கிறது. இந்தியாவில் இந்த வகை மருந்துகள் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் அனுபவமுள்ள நிபுணர் கண்காணிப்பில்தான். காலில் பட்டை போலக் கட்டிக்கொண்டு நரம்பைத் தூண்டும் ஒரு கருவிக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரை இல்லாத வழி என்ற அளவில் அது கவனிக்க வேண்டியது.

எல்லோரும் மாற்றியே ஆக வேண்டுமா?

இல்லை. 'நிபந்தனையுடன் எதிர்ப்பு' என்பதற்கு அர்த்தமே அதுதான். குறைந்த அளவில், பல ஆண்டுகளாக, எந்த மாற்றமும் இல்லாமல் நன்றாகத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். காபாபென்டின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். பின்னால் வரக்கூடிய ஆபத்தைத் தெரிந்துகொண்டே, குறுகிய காலத்துக்கு டோபமின் மாத்திரையின் வேகமான நிவாரணம்தான் வேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கவும் இடம் இருக்கிறது. அப்படித் தொடர்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயங்கள்: தொல்லை ஆரம்பிக்கும் நேரம் முன்னால் நகர்கிறதா, அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் நிலை வருகிறதா.

சில மருத்துவர்கள் பழைய பழக்கத்தில் முதல் மருந்தாக இன்னும் இதையே எழுதுகிறார்கள். விலை மலிவு, அன்றிரவே பலன், நோயாளிக்கும் சந்தோஷம். மூன்று வருடம் கழித்து அந்த நோயாளி வேறு மருத்துவரிடம் போயிருப்பார். முதலில் எழுதியவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மருத்துவத்தில் ஒரு பழக்கம் மெதுவாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து மாற்றும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று

குடைச்சலைத் தூண்டிவிடும் வேறு மாத்திரைகள் வீட்டிலேயே இருக்கலாம். சளி, அரிப்புக்குச் சாப்பிடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், குறிப்பாகத் தூக்கத்தை வரவழைப்பவை, இந்த நோயை மோசமாக்கும். தூக்கம் வரவில்லை என்று அதையே சாப்பிடுபவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டுகிறார்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மிர்டாசபின் உள்ளிட்ட சில மன அழுத்த மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் அப்படித்தான். மாலை நேரக் காபி, மது, கவனிக்கப்படாத குறட்டை நோய் ஆகியவையும் கணக்கில் சேரும். மனநல மருந்துகளை இதற்காகத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எல்லா மருந்து ஸ்ட்ரிப்புகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. இரண்டு வாரத்துக்கு, தினமும் குடைச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கைக்கும் வந்ததா, மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். செல்போனிலும் குறிக்கலாம். நோய் முற்றியதா, மருந்து பெருக்கியதா என்று பிரித்துப் பார்க்க அந்த நேரக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி. கூடவே கணவரோ மனைவியோ வந்தால், தூக்கத்தில் கால் உதைப்பதையும், கடைசி ஆறு மாதத்தில் செலவு செய்யும் விதம் மாறியதா என்பதையும் அவர்கள் சொல்வார்கள்.